கடினமும் முறியா உறுதியும்

வள்ளூர் அனல்மின் நிலையத்தின் பக்கத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவன் ஒருவன் தேர்வுத் தாளில் இவ்வாறு எழுதியிருந்தான்: 'கண்ணாடி இரும்பைவிடக் கடினமானது, ஆகவே அது எளிதில் உடையாது.' முற்பகுதி சரியே. கண்ணாடி சாதாரண இரும்பைக் கீறும். பிற்பகுதி பிழை. ஆனால் பிழையில் பாதி சொல்லினுடையது. ஆங்கிலத்தில் 'ஹார்ட்' வேறு, 'டஃப்' வேறு. அகராதியைப் புரட்டினாலோ இரண்டுக்கும் 'கடினமான' என்றே பொருள் காண்கிறோம்.

'டஃப்' பழைய ஆங்கிலச் சொல். இழுத்தாலும் அறாமல் பசைபோல் பற்றி நிற்பதையே அது தொடக்கத்தில் குறித்தது. பிடிவாதக்காரன், முரடன், கடினமான தேர்வு ஆகிய பொருள்கள் பின்னர் வந்து சேர்ந்தவை. காசிமேட்டில் வாங்கிய கடம்பாவை அதிக நேரம் வேகவைத்துவிட்டால் ஜவ்வாக இழுக்கிறதல்லவா? அதற்கு ஆங்கிலேயர் இச்சொல்லையே சொல்வர், அப்பளத்துக்குச் சொல்லமாட்டார்கள். இயற்பியல் எடுத்துக்கொண்டதும் இந்தச் சமையலறைப் பொருளைத்தான். ஒரு பொருள் முறிவதற்குள் எவ்வளவு ஆற்றலை ஏற்கிறது என்பதே கேள்வி. இதனை இங்கு 'முறியா உறுதி' என்போம்.

இதை அளக்கும் முறையை 1901-இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஷார்ப்பி செம்மைப்படுத்தினார். கருவி வெறும் ஊசல்தான். உயரத்திலிருந்து விடப்பட்ட சம்மட்டி, வெட்டு போட்ட சிறிய எஃகுத் துண்டை முறித்துக்கொண்டு மறுபக்கம் எழுகிறது. 20 கிலோகிராம் சம்மட்டி முன்னைவிட 1 மீட்டர் குறைவாக எழுந்தால், துண்டு விழுங்கிய ஆற்றல் ஏறத்தாழ 196 ஜூல். நம் பதினோராம் வகுப்புக் கணக்கு, அவ்வளவே!

கண்ணாடி ஏன் உடைகிறது என்பதை 1921-இல் கிரிஃபித் விளக்கினார். அதன் பரப்பிலுள்ள நுண்ணிய விரிசல்களின் முனையில் தகைவு குவிகிறது. விரிசல் நீள்வதால் விடுபடும் மீள்சக்தி, புதிய பரப்பை உண்டாக்கப் போதுமானால் விரிசல் தானே ஓடும்.

கண்ணாடிக்குச் சொன்னது எஃகுக்கும் பொருந்தும் என்பதைப் பொறியாளர்கள் பெருஞ்செலவில் கற்றனர். 1943 ஜனவரி 16 அன்று, அமெரிக்காவின் போர்ட்லண்டு துறையில், அமைதியான நீரில் நின்றிருந்த 'ஸ்கெனெக்டடி' என்னும் புதிய எண்ணெய்க் கப்பல் பேரோசையுடன் ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. புயலில்லை, குண்டுமில்லை. அக்காலக் கப்பல் எஃகு இழுவிசைக்கு வலிமையானதே. குளிரில் மட்டும் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெற்றது. ஆணி அடித்து இணைத்த பழைய கப்பலானால் தகட்டின் ஓரத்தில் விரிசல் நிற்கக்கூடும். பற்றவைத்த கப்பலில் அது தடையின்றி ஓடியது.

மின் நிலையத்துக்கும் இப்பாடம் வந்தது. 1969-இல் இங்கிலாந்தின் ஹிங்க்லி பாயிண்ட் நிலையத்தில், வேகச் சோதனையின்போது நீராவிச் சுழலியின் வட்டு ஒன்று வெடித்துச் சிதறியது. காரணம் ஓரிரு மில்லிமீட்டர் ஆழமே உள்ள விரிசல். முறியா உறுதி குறைந்த அந்த எஃகுக்கு அதுவே போதுமானதாயிற்று.

வள்ளூரில் 500 மெகாவாட் அலகுகள் 3 உள்ளன. நம் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் ஆதலால், அத்தகைய சுழலிகள் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றுகின்றன. இவ்வகைத் தண்டுகளுக்கான எஃகின் மாதிரித் துண்டுகள் இன்றும் ஷார்ப்பியின் சம்மட்டியடிக்குத் தப்புவதில்லை. அடுத்த வகுப்பில் அம்மாணவனிடம் ஒரு கண்ணாடித் துண்டையும் ஓர் இரும்பாணியையும் கொடுத்து, முதலில் கீறவும் பிறகு சுத்தியால் அடிக்கவும் சொல்ல எண்ணியுள்ளேன்.