தேவர்களின் ஆயுள்: காவிரிக் கழனியில் வழங்கும் ஒரு கணக்கு

மனிதரைவிட மேம்பட்ட ஓர் இனம் வேற்றுலகில் வாழ்வதாகக் கதை புனைவோர், அந்த இனத்துக்கு ஓர் ஆயுளையும் விதித்துவிடுகிறார்கள். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் வல்கன்கள் இருநூறு ஆண்டு வாழ்கிறார்கள். 1963இல் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ தொடரின் காலப் பிரபுக்கள் பன்னிரண்டு முறை உடல் மாற்றிக்கொள்கிறார்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ யோடா 900 வயதில் இறக்கிறார். அந்த எண் ஏன் 900, ஏன் 700 இல்லை என்று கேட்டால் கதைக்குள் விடை கிடைக்காது. நம்மிடமும் அப்படி ஓர் இனம் உண்டு. கண் இமைக்காத, வியர்க்காத, சூடிய மாலை வாடாத, கால் நிலத்தில் பாவாத தேவர்கள். சுயம்வர மண்டபத்தில் நளனுருவில் வந்து நின்ற தேவர்களைத் தமயந்தி இனங்கண்டது இந்த அடையாளங்களைக் கொண்டுதான். இவர்களுக்கு விதிக்கப்பட்ட ஆயுளுக்குத் தெளிவான வாய்பாடு இருக்கிறது. அந்த வாய்பாட்டையும் அதன் உட்பொருளையும் ஆராய்வதே இக்கட்டுரை. இங்கே பேசப்படுவோர் இந்திரன் முதலிய தேவர்களே. சிவனும் திருமாலும் இந்த ஆய்வின் எல்லைக்குள் வரமாட்டார்கள்; தேவர் வேறு, இறைவன் வேறு என்ற பிரிவினை பக்தி இலக்கியம் தானே வகுத்துக்கொண்டது.

ஆய்வுக்களமாக நீடாமங்கலம் வட்டாரத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. வெண்ணாறு கோரையாறாகவும் பாமணியாறாகவும் பிரியும் மூணாறு தலைப்பு இங்கே இருக்கிறது. வடக்கே கும்பகோணம் சாலையில் ஆலங்குடி. பாற்கடலில் எழுந்த நஞ்சுக்கு அஞ்சிய தேவர்களை இறைவன் காத்த தலம் என்பது அவ்வூர்ப் புராணம். அதனாலேயே அங்கே இறைவன் பெயர் ஆபத்சகாயேசுவரர். சம்பந்தர் திருஇரும்பூளை என்று பாடியதும் இவ்வூரையே. தெற்கே மன்னார்குடியில் மல்லிநாதர் சமணக் கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. கிழக்கே நாகப்பட்டினத்தில் முதலாம் ராசராசன் காலத்தில் பௌத்தரின் சூடாமணி விகாரம் எழுந்தது. தேவர் ஆயுளை எண்ணிய மூன்று சமயங்களும் ஒரே ஆற்றுப் பாசனத்துக்குள் வாழ்ந்த நிலம் இது. தொல்காப்பியம் மருதத்துக்கு வகுத்த தெய்வமான வேந்தனை இந்திரன் என்றே உரையாசிரியர்கள் கொண்டனர். ஆக, நெல் விளையும் நிலத்தில் இந்திரனின் ஆயுளைப் பற்றிக் கேட்பது அந்நியமான கேள்வி இல்லை.

வாய்பாட்டின் முதல் வரி எல்லோருக்கும் தெரிந்தது: நமக்கு ஓராண்டு, தேவர்க்கு ஒரு நாள். உத்தராயணம் பகல், தட்சிணாயனம் இரவு. தை முதல் நாளைக் காலை ஆறு மணி என்று வைத்தால் ஒவ்வொரு மாதமும் இரண்டு மணி நேரம், அதாவது ஐந்து நாழிகை. சித்திரை பிறக்கும்போது உச்சிப்பொழுது, ஆடி பிறக்கும்போது அந்தி, ஐப்பசி பிறக்கும்போது நள்ளிரவு. மார்கழி நான்கு மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடியும் வைகறை. மார்கழி முழுவதும் கோயில்களில் விடியுமுன் பூசை நடப்பதற்குச் சொல்லப்படும் காரணம் இதுதான். இதை வயலில் பொருத்திப் பார்த்தால் இன்னும் துலங்கும். ஆடிக் கடைசியிலோ ஆவணியிலோ நாற்றுவிட்டு, புரட்டாசி வாக்கில் நட்டு, தையில் அறுக்கும் சம்பா, தேவர்களின் ஒரே இரவுக்குள் விதையிலிருந்து கதிருக்கு வந்துவிடுகிறது. ஆனியில் விதைத்த குறுவை அவர்களின் நள்ளிரவுக்குள் களத்துக்கு வந்துவிடும். டெல்டா விவசாயி ஒருவர் நாற்பது ஆண்டு உழுதால், தேவர் கணக்கில் அவர் உழைத்தது நாற்பது நாள்.

இந்த முதல் வரியிலேயே ஒரு முரண் உண்டு. பலர் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். சூரிய சித்தாந்தம் தேவர்களை மேருவில், அதாவது வடதுருவத்தில், வைக்கிறது. அங்கே சூரியன் மேஷத்தில் எழுந்து கன்னி முடியும் வரை மறையாது. இதன்படி தேவர்களின் விடியல் சித்திரையில் வர வேண்டும். மார்கழி அவர்களுக்கு இரவு பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட நேரமாகிவிடும். வானநூலின் விடியலுக்கும் கோயில் வழக்கின் விடியலுக்கும் இடையே தேவர் கடிகாரத்தில் ஆறு மணி நேர வேறுபாடு. எது சரி என்று தீர்ப்பளிக்க நான் முயலவில்லை. இரண்டிலும் ஒரு நாளின் நீளம் மாறவில்லை, ஆகவே ஆயுளும் மாறவில்லை. தேவர்களின் நாள் என்பது வானத்தைப் பார்த்தறியாதவர் வாய்க்கு வந்தபடி சொன்ன எண் இல்லை என்பதே இங்கு முக்கியம். பூமியின் ஓரிடத்தில் உண்மையாகவே ஆறு மாதம் பகலாக இருக்கிறது. அந்த இடத்தைக் கணித்தறிந்தவர்கள் அங்கே தேவர்களைக் குடியேற்றினார்கள்.

அடுத்த வரிகள் பெருக்கல். 360 மனித ஆண்டு ஒரு தேவ ஆண்டு. 12,000 தேவ ஆண்டு ஒரு சதுர்யுகம். நம் கணக்கில் 43,20,000 ஆண்டு. 71 சதுர்யுகம் ஒரு மன்வந்தரம். 30 கோடியே 67 லட்சத்து 20 ஆயிரம் ஆண்டு. ஒரு மனுவுக்கு ஓர் இந்திரன். பதினான்கு மன்வந்தரம் 994 சதுர்யுகம்தான் ஆகிறது. பிரமனின் பகலோ 1,000 சதுர்யுகம். மிச்சம் ஆறு எங்கே? மன்வந்தரங்களுக்கு முன்னும் பின்னும் இடையிலுமாகப் பதினைந்து சந்திகள் உண்டு. ஒவ்வொன்றும் கிருதயுக அளவு, அதாவது சதுர்யுகத்தில் பத்தில் நான்கு பங்கு. பதினைந்தை அதனால் பெருக்கினால் சரியாக ஆறு. வரவும் செலவும் நேராகின்றன. இப்படிக் கணக்கைச் சரிபார்த்து மூடியவர்கள் மிகைப்படுத்தும் ஆர்வத்தில் பூச்சியங்களை அடுக்கினார்கள் என்று எழுதுவது அநியாயம்.

பிரமனின் ஒரு நாள், இரவையும் சேர்த்து, 864 கோடி ஆண்டு. அவர் ஆயுள் அத்தகைய நாள்களால் ஆன நூறாண்டு: 3,11,04,000 கோடி ஆண்டு. அதற்குள் வந்து போகும் இந்திரர்கள் 5,04,000 பேர். ஆடி அமாவாசையன்று ஆற்றங்கரையில் தர்ப்பணம் செய்பவர் சொல்லும் சங்கற்பம் இந்த அடுக்கு முழுவதையும் மேலிருந்து கீழாக இறங்கி வருகிறது. பிரமனின் இரண்டாம் பரார்த்தம், சுவேதவராக கல்பம், வைவஸ்வத மன்வந்தரம், இருபத்தெட்டாம் கலியுகம், அறுபதாண்டு வட்டத்தில் இந்த ஆண்டின் பெயர், அயனம், மாதம், பட்சம், திதி. பிரமனுக்கு ஐம்பது வயது முடிந்து ஐம்பத்தொன்று நடக்கிறது என்பது அதன் பொருள். ஈரவேட்டியோடு எள்ளும் தண்ணீரும் இறைக்கும் ஒருவர், தம் தந்தையின் பெயரைச் சொல்வதற்கு முன்னால், படைத்தவனுக்கே பாதி ஆயுள் கழிந்துவிட்டதை அறிவிக்கிறார். தமிழ்நாட்டில் இதைவிட அன்றாடமாகப் புழங்கும் பேரெண் வேறு எதையும் நான் கண்டதில்லை.

இந்த எண்களின் பொருள் என்ன? இருவகை விடைகள் வழக்கில் உள்ளன. இவை இறவாமையைக் குறிப்பால் உணர்த்தும் பேரெண்கள் என்பது ஒன்று. கல்பத்தின் 432 கோடி, பூமியின் வயதான ஏறத்தாழ 454 கோடியை நெருங்குவதால் முன்னோர் நவீன அறிவியலை முன்பே அறிந்திருந்தனர் என்பது மற்றொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. இரண்டாவதை மறுப்பது எளிது: அதே வாய்பாடு தரும் மற்ற எண்களில் ஒன்றும் அறிவியலின் அளவுகளோடு பொருந்துவதில்லை, பொருந்தியதை மட்டும் பொறுக்கி எடுப்பது சான்றாகாது. முதலாவதை மறுக்கத்தான் விரிவாகப் பேச வேண்டும்.

இறவாமையைச் சொல்ல விரும்பியவன் முடிவு தேதி குறிக்க மாட்டான். இந்திரனுக்கு முடிவு தேதி இருக்கிறது. அதோடு, அவனுக்குப் பின் வருபவர் பெயரும் இருக்கிறது. விஷ்ணு புராணத்தின்படி இந்த மன்வந்தரத்து இந்திரன் புரந்தரன். அடுத்த மன்வந்தரத்தில் அந்த இடத்துக்கு வருபவர் மாவலி. பாதாளத்துக்கு அனுப்பப்பட்ட அந்த அசுரர், பட்டியலில் காத்திருக்கிறார். நூறு அசுவமேதம் செய்த மனிதனும் அந்த இடத்துக்கு வரலாம். நகுடன் வந்தான், அகத்தியர் சாபத்தால் பாம்பாகி விழுந்தான். ஆக, இந்திரனின் 30 கோடி ஆண்டு என்பது பதவிக்காலம். ஓர் உடலுக்கு இயல்பாக அமைந்த வாழ்நாள் என்று அதைக் கொள்ள முடியாது.

அமுதம் உண்டவர்கள் எப்படி இறப்பார்கள் என்ற தடை எழும். ஆலங்குடியும் திருக்கடையூரும் இதற்கு விடை சொல்கின்றன என்பது என் வாதம். பாற்கடலில் எழுந்த நஞ்சின் நினைவை ஆலங்குடி காக்கிறது. அமுத கலசத்தின் நினைவைத் திருக்கடையூர் காக்கிறது. தேவர்கள் பிள்ளையாரை வணங்க மறந்ததால் கலசம் மறைக்கப்பட்டு, பிறகு இலிங்கமாயிற்று என்பது திருக்கடையூர்க் கதை. ஒரே கடைதலின் இரு விளைவுகள் ஒரே டெல்டாவுக்குள். நஞ்சைக் கண்டு தேவர்கள் ஓடினார்கள் என்றால் அவர்களைக் கொல்ல முடியும் என்றுதான் கதை கருதுகிறது. அமுதம் நீக்குவது மூப்பை; இறப்பை இல்லை. இன்றைய உயிரியலும் இந்த இரண்டையும் பிரித்தே பேசுகிறது. ஹைட்ரா என்னும் நன்னீர் உயிரியில் வயது ஏற ஏற இறப்பு விகிதம் ஏறுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் மீன் விழுங்கினால் அது சாகும். தேவர்களும் அப்படி மூவாதவர்கள். சாவாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது.

பௌத்தமும் சமணமும் இதை ஒளிக்காமல் சொல்கின்றன. பாலி அங்குத்தர நிகாயத்தின் கணக்கில் சக்கன் எனப்படும் இந்திரன் வாழும் தாவதிம்ச உலகில் நம் நூறாண்டு ஒரு நாள். அத்தகைய நாள்களால் ஆன ஆயிரம் ஆண்டு அங்கே ஆயுள். பெருக்கினால் மூன்று கோடியே அறுபது லட்சம் ஆண்டு. புராண இந்திரனின் காலத்தில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. சமணர் வேறு வழியில் போனார்கள். தேவர்க்குக் குறைந்த ஆயுள் பத்தாயிரம் ஆண்டு, மிகுந்தது 33 சாகரோபமம். ஒரு யோசனை அகல ஆழமுள்ள குழியைப் பச்சிளம் உயிரின் மயிர் நுனிகளால் திணித்து, நூறாண்டுக்கு ஒரு நுனி எடுத்தால் குழி காலியாக ஆகும் காலத்திலிருந்து தொடங்கி ஏறும் அளவு அது. எண்ணுக்குப் பதிலாக ஒரு வேலையைக் காட்டும் இம்முறை புராணப் பெருக்கலைவிட ஆழமானது என்பது என் கருத்து. அத்தனை நீண்ட ஆயுளும் முடியும்போது அடையாளங்கள் தோன்றுகின்றன: மாலை வாடுகிறது, ஆடை அழுக்காகிறது, அக்குளில் வியர்வை அரும்புகிறது, மேனி ஒளி மங்குகிறது, இருக்கை கொள்ளவில்லை. தமயந்தி நளனைக் கண்டுகொண்ட அடையாளங்கள்தாம் இவற்றில் பல. சாகும் நெருக்கத்தில் தேவன் மனிதனைப் போல ஆகிறான்.

மணிமேகலையின் ஆபுத்திரன் கதைதான் இந்த வாதத்துக்கு முதன்மையான சான்று. மதுரையில் அமுதசுரபி ஏந்தி ஆபுத்திரன் பசித்தோர்க்கெல்லாம் சோறிடுகிறான். இந்திரனின் இருக்கையான பாண்டு கம்பளம் நடுங்குகிறது. தடியூன்றிய கிழ அந்தணனாக வந்து, அறத்தின் பயனாக வரம் கேள் என்கிறான் இந்திரன். ஆபுத்திரன் சிரிக்கிறான். அறம் செய்வோரும், அடுத்தவரைக் காப்போரும், தவம் முயல்வோரும் இல்லாத நாடு உன் நாடு. முன்செய்த வினையின் பயனை உண்பவர் மட்டுமே அங்கே இருக்கிறார்கள் என்பது அவன் சொன்னதன் சாரம். சினந்த இந்திரன் மழையைப் பெய்வித்து நாடெங்கும் விளைச்சல் பெருக்குகிறான். பசித்தவர் இல்லாமல் போய், பாத்திரம் ஏந்திய கை வெறுமையாகிறது. மருதத்துத் தெய்வம் மழையையே பழிவாங்கும் கருவியாக்கும் இந்தக் காட்சிக்கு ஈடாகத் தமிழ்க் காப்பியங்களில் வேறொன்றைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஆயுள் பற்றிய நம் கேள்விக்கும் இங்கே விடை இருக்கிறது: தேவ ஆயுள் என்பது செலவு. ஈட்டிய புண்ணியம் இருக்கும் வரை ஓடும். அங்கே புதிதாக ஈட்ட வழியில்லை. ஏனென்றால் அங்கே பசித்தவர் இல்லை.

பிரம்மவைவர்த்த புராணத்தின் எறும்புக் கதை இதையே வேறு விதமாகச் சொல்லும். விசுவகர்மா கட்டிக் கட்டி ஓயாத இந்திரன் மாளிகைக்குள் ஒரு சிறுவன் வருகிறான். தரையில் ஊரும் எறும்பு வரிசையைக் கண்டு, இவை ஒவ்வொன்றும் முன்னாள் இந்திரன் என்கிறான். பிறகு உரோமச முனிவர் வருகிறார். ஓர் இந்திரன் மறையும்போது அவர் மார்பில் ஒரு மயிர் உதிரும். இவ்வளவு குறுகிய வாழ்நாளுக்கு வீடு எதற்கு என்று குடிசைகூடப் போடாமல் தலைக்கு மேல் ஒரு பாயைப் பிடித்தபடி திரிகிறவர் அவர். இந்திரனைவிட நெடுங்காலம் வாழ்பவர் தம் ஆயுளைக் குறுகியது என்கிறார். அப்பரும் தம் ஆதிபுராணக் குறுந்தொகையில் பிரமர்களையும் இந்திரர்களையும் எண்ணி மாளாத தொகையாக்கி, முடிவில்லாதவன் ஒருவனே என்று நிறுத்துகிறார். எண் பெரிதாகப் பெரிதாக அது ஓர் எல்லையையே உறுதிப்படுத்துகிறது.

இந்த இடத்தில் ஆலங்குடிக்கு மீண்டும் வர வேண்டும். அது இன்று குருத்தலம்; குரு தேவர்களின் ஆசிரியர். அவருக்குரிய வியாழன் கோள் சூரியனைச் சுற்ற 11.86 ஆண்டு ஆகிறது. பஞ்சாங்கம் அதைப் பன்னிரண்டாகக் கொள்கிறது. ராசிக்கு ஓராண்டு வீதம் நடக்கும் குருப்பெயர்ச்சிக்கு அங்கே பெருங்கூட்டம் கூடுகிறது. தேவர் நாட்காட்டியில் அது ஒவ்வொரு நாளும் நடப்பது. குருவின் முழுச்சுற்று அவர்களுக்குப் பன்னிரண்டு நாள். கும்பகோணத்து மகாமகமும் அதே கணக்கில் வருவதுதான். வியாழனின் ஐந்து சுற்றும் சனியின் இரண்டு சுற்றும் ஏறக்குறைய ஒன்றுகூடும் அறுபதாண்டு வட்டம், தேவர்க்கு இரண்டே மாதம். திருக்கடையூரில் மணிவிழா காணும் தம்பதியர் தேவர் கணக்கில் இரண்டு மாதக் குழந்தைகள். அதே தலத்துக் கதையின் மார்க்கண்டேயனுக்கு விதிக்கப்பட்டிருந்தது பதினாறு நாள். அந்தப் பதினாறு நாளுக்காகத்தான் எமனே உதைபட்டான் என்பதைக் கதையின் மையமாக வாசிக்க வேண்டும் என்பேன். கோடி ஆண்டுகளைச் சர்வசாதாரணமாக எழுதிய மரபு, தன் மிகப் பெரிய போரை ஒரு மனிதச் சிறுவனின் ஆயுளுக்காக நடத்தியிருக்கிறது.

இத்துறையில் எழுதுவோர்க்கு ஒரு வேண்டுகோள். விஷ்ணு புராணத்தின் மன்வந்தரம், அங்குத்தர நிகாயத்தின் தேவ ஆண்டு, சமணரின் சாகரோபமம் மூன்றையும் ‘இந்து மரபின் பேரெண்கள்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடாதீர்கள். எந்த எண் எந்த நூலின் கணக்கு என்று ஒவ்வோர் இடத்திலும் குறிப்பிடுங்கள். டெல்டாவின் புரோகிதர்களும் ஓதுவார்களும் சமணக் குடும்பத்து முதியவர்களும் இவற்றை வாய்மொழியாக இன்னும் சொல்கிறார்கள். ஊர் ஊராகச் சென்று அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யும் வேலையைப் பல்கலைக்கழகங்கள் இப்போதே தொடங்க வேண்டும்.