நாழிகையும் ரயில் நேரமும்

நம் முன்னோருக்கு நேர உணர்வே கிடையாது, வெள்ளைக்காரன் கொண்டுவந்த கடிகாரம்தான் நம்மைத் திருத்தியது என்ற எண்ணம் படித்தவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. சான்றுகள் அதற்குத் துணைநிற்கவில்லை. நாளை 60 நாழிகையாக, அதாவது 24 நிமிடக் கூறுகளாகப் பிரித்து, அதை நீர்க்கடிகாரத்தால் அளந்த மரபு நம்முடையது. அரசனுக்குப் பொழுது சொல்லச் சங்க காலத்திலேயே நாழிகைக் கணக்கர் இருந்தனர். அது அரண்மனைக் கதை, உழவனுக்கு அதனால் என்ன என்று கேட்கலாம். ஏரித் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சிய ஊர்களில், அடுத்தவன் மடையை எப்போது அடைக்க வேண்டும் என்பதில் எந்த உழவனும் அசட்டையாக இருந்திருக்க மாட்டான். நிழலை அடியால் அளந்து பொழுது கண்டவர்கள் அவர்கள். முகூர்த்தம் தப்பாமல் தாலி கட்டியவர்களை நேரம் அறியாதவர்கள் என்பது வேடிக்கைதான். துல்லியம் வேண்டிய காரியத்துக்கு அதைக் கடைப்பிடித்தார்கள், மற்றதை வெயிலுக்கும் வேலைக்கும் விட்டுவிட்டார்கள்.

பிறகு மாறியது, நேரத்தை யார் வகுப்பது என்பதுதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வுக்கூடம் 1792-ல் நுங்கம்பாக்கத்தில் அமைந்தது. சென்னை நேரம் கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது என்று 1802-ல் ஜான் கோல்டிங்ஹாம் கணித்தார். அந்த விநாடிகளால் அன்று பயனடைந்தவர்கள் கப்பலோட்டிகளும் நில அளவையாளர்களும்தான். 1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் புறப்பட்டு, தந்தியும் பரவிய பின், சென்னை நேரமே இந்திய ரயில்களுக்குப் பொது நேரமாயிற்று. கோயம்புத்தூரில் சூரியன் உச்சிக்கு வருவது சென்னைக்குச் சுமார் 13 நிமிடம் கழித்து. அதனால் அந்த ஊர்க்காரருக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை, ரயிலைப் பிடிக்கப் போகும்வரை.

ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் வண்டிகளுக்குப் பொது நேரம் இல்லையென்றால் உயிர்ச்சேதம்தான் என்பார்கள். மறுப்பதற்கில்லை. ஆனால் ரயிலுக்குத் தேவைப்பட்டது ஊருக்கெல்லாம் சட்டமாக வேண்டும் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. அன்றைய மக்களே அதை ஏற்கவில்லை. 1906 ஜனவரி 1 அன்று இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தபோது சென்னைக் கடிகாரம் சுமார் 9 நிமிடமும் பம்பாய்க் கடிகாரம் 39 நிமிடமும் முன்னே தள்ளப்பட்டன. சென்னை அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. பம்பாயிலோ ஆலைத் தொழிலாளர்கள் கொதித்தார்கள். கடிகாரத்தைத் தள்ளினால் விடியுமுன்பே ஆலைக்கு ஓட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கல்கத்தா தன் நேரத்தை 1948 வரை விடவில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. விடிவது முதல் இருட்டும்வரை என்று வேலை வாங்கிய முதலாளியைக் கட்டிப்போட்டதே கடிகாரம் அல்லவா? நெசவாலைகளில் ஆண்களின் வேலை நேரத்தை 12 மணிக்குள் அடக்கிய 1911-ஆம் ஆண்டுச் சட்டம் நாழிகையை நம்பி எழுதப்படவில்லை. சரிதான். ஆனால் அந்த 12 மணியைக் கடிகாரம் தானாகத் தரவில்லை, நேரம் பேரத்துக்கு உரிய பொருள் என்று உணர்ந்ததால் வந்தது அது. சென்னையில் 1918 ஏப்ரலில் மெட்ராஸ் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது ஆலைத் தொழிலாளர்கள் சொன்ன முதல் குறைகளில் ஒன்று, சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது.