ஒரு ஊர், மூன்று குன்று

இங்கிலாந்தின் லெஸ்ரர்ஷயரில் 'பிரீடன் ஒன் த ஹில்' என்றொரு கிராமம் இருக்கு. பெயரைப் பிரிச்சுப் பார்த்தால் சிரிப்பு வரும். 'பிரீ' பழைய கெல்ரிக் மொழியில் குன்று. 'டன்' பழைய ஆங்கிலத்தில் குன்று. அதுவும் காணாதெண்டு பின்னால ஒரு 'ஹில்'. ஊரில் நிற்பதோ ஒரேயொரு குன்றுதான்.

ஏன் இப்பிடி? கி.பி. 410 அளவில் ரோமராட்சி முடிந்தபின், ஆங்கிலோ-சாக்சன் மக்கள் கடல் கடந்து வந்து குடியேறினார்கள். அங்கே முன்பே வாழ்ந்த பிரித்தானியர் குன்றைக் குறித்துச் சொன்ன பொதுச்சொல்லை, வந்தவர்கள் அந்தக் குன்றின் பெயரென்றே எடுத்துக்கொண்டார்கள். 'ஏவன்' ஆற்றின் கதையும் இதுதான். அந்தச் சொல்லின் அர்த்தமே ஆறு.

வந்தவர்கள் தங்கள் சொற்களாலும் ஊர்களுக்குப் பெயர் வைத்தார்கள். நாங்கள் உதைபந்தாட்டத்தில் கேட்கிற ரொட்டன்ஹாம், 'ரொட்டா' என்ற ஆளின் குடியிருப்பு. எவர்ரன், காட்டுப்பன்றிப் பண்ணை. இரண்டும் ஒருகாலம் சின்னக் கிராமங்கள்.

9ஆம் நூற்றாண்டில் டேனியர் படையெடுத்து வந்தார்கள். 876இல் யோர்க்ஷயர் பக்கம் நிலத்தைப் பங்கிட்டுக் குடியமர்ந்தார்கள். அவர்களுடைய மொழியில் 'பி' என்றால் ஊர். கிரிம்ஸ்பி, 'கிரிம்' என்பவனின் ஊர். 1066இல் நோர்மன்காரர் வந்தார்கள். அவர்கள் பெரும்பாலும் பழைய பெயர்களை அழிக்கவில்லை; சில ஊர்ப்பெயர்களின் வாலில் நிலவுடைமைக் குடும்பத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஸ்ரோக் மண்டவிலில் 'ஸ்ரோக்' பழைய ஆங்கிலம், 'மண்டவில்' நோர்மன் குடும்பப் பெயர்.

எங்களை நிற்பாட்டி யோசிக்க வைத்த பெயர் வோல்ரன். இங்கிலாந்தில் பல வோல்ரன்கள் இருக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே மூலம் இல்லை. ஆனால் அவற்றில் சில, 'வெயால்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தவை. அதன் பொருள் அந்நியர். பிறகு அடிமை என்ற பொருளும் அதில் சேர்ந்தது. யாரை அப்படிக் கூப்பிட்டார்கள்? தங்களுக்கு முன்பே அந்த மண்ணில் இருந்த பிரித்தானியரை!

வேல்ஸ் என்ற நாட்டுப் பெயரும் அதே சொல்லில் பிறந்ததுதான். வேல்ஸ் மக்களோ தங்கள் நாட்டைக் 'கம்ரி' என்கிறார்கள். அதன் வேர்ச்சொல்லுக்கு 'ஒரே நாட்டவர்' என்று பொருள்.

ஒரே சனம்தான். வந்தவன் வைத்த பெயரில் அந்நியர். தாங்களே வைத்த பெயரில் சொந்தக்காரர். அதனால, ஒரு ஊர்ப்பெயரைக் கேட்டால் அதன் அர்த்தத்தோட நிற்காமல், அதை வைச்சது ஆர் எண்டும் கேட்டுப் பார்ப்போம்.