மரப்படியும் கைப்பிடியும்

படி என்னுஞ் சொல் தமிழிற் பல பொருள் குறிப்பது. காலூன்றி ஏறுவதும் படி. எட்டு ஆழாக்குக் கொண்ட முகத்தலளவும் படி. ஒன்றைப் பார்த்து எழுதிய ஒப்பும் படி. இம்மூன்று பொருளும் ஒரு மரப்படிக்கட்டினுள்ளே அடங்கி நிற்கக் காண்கின்றோம். என்னை? அஃது ஏறுதற்கு உரியது, அளவினால் அமைவது, ஒரு படியைப்போல் மற்றப் படிகளெல்லாம் ஒத்திருக்க வேண்டுவது. இவற்றுள் ஒன்று குறையினும் அது படிக்கட்டாகாது. வீட்டாரை வீழ்த்தும் பொறியாகவே முடியும். நம் சங்கத்து அன்பர் பலர் வீட்டின் மாடியிலோ பரணிலோ சிறு பட்டறை அமைத்துத் தொழில் செய்து வருகின்றனராதலின், பட்டறைக்கு ஏறும் மரப்படியின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

ஏணி வேறு, படிக்கட்டு வேறு. ஏணியில் ஏறுவோன் இரு கைகளாலும் அதனைப் பற்றிக்கொண்டே ஏறுகின்றான். படிக்கட்டில் ஏறுவோனுக்கோ கைகள் ஒழிகின்றன. அவன் சுமையைத் தாங்கி ஏறலாம். ஆகவே படிக்கட்டு தோன்றியது அழகின் பொருட்டன்று, தொழிலின் பொருட்டே என்பது துணிபு.

இதற்குத் தக்க சான்று ஆஸ்திரியா நாட்டிலே உளது. அங்கு ஹால்ஷ்டாட் என்னும் மலையூரில் மிகப் பழைய உப்புச் சுரங்கம் ஒன்றுண்டு. அதன் பழைய வழிகளை ஆராய்ந்தோர் 2003 ஆம் ஆண்டளவில் மரத்தாற் செய்த படிக்கட்டொன்றைக் கண்டனர். உப்பு, மரத்தை மட்கவொட்டாமற் காத்திருந்தது. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி ஒப்பிட்டு, அம்மரங்கள் கி. மு. 1344, 1343 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டவை என்று நிறுவினர். ஐரோப்பாவிற் கிடைத்த மரப்படிக்கட்டுகளுள் இதுவே மிகத் தொன்மையானது என்பர். அதன் நீளம் ஏறத்தாழ 8 மீட்டர். இருவர் எதிரெதிரே செல்லத்தக்க அகலமும் உடையது. இரண்டு பக்கச் சட்டங்களில் நீளக் காடி எடுத்து, அக்காடியில் மிதிபலகைகளைச் செருகி, பலகைக்கும் பலகைக்கும் இடையே சிறு கட்டைகளை வைத்து இறுக்கியுள்ளனர். சுரங்கத்தின் சரிவுக்கேற்ப மிதிபலகையின் சாய்வை மாற்றிக்கொள்ளவும் அவ்வமைப்பு இடங்கொடுக்கின்றது. ஆணி ஒன்றும் வேண்டாமல், பிரித்துப் பூட்டத்தக்கதாய், மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இத்தகைய தச்சு வேலை நிகழ்ந்தது என்பதை நோக்குழி வியப்பு மிகுகின்றது. அதனைச் செய்தவன் பெயரை அறிவார் ஒருவரும் இலர்.

நிற்க. படியின் உயரம் எவ்வளவு, மிதிபலகையின் அகலம் எவ்வளவு என்னும் வினாவுக்குக் கணக்கால் விடை கூறியவர் பிரெஞ்சு நாட்டுப் பிரான்சுவா புளொண்டெல் என்பார். இவர் 1671 இல் பாரிஸ் நகரில் அமைந்த அரச கட்டடக்கலைக் கழகத்தின் முதற் றலைவர். 1675 முதல் 1683 வரை வெளிவந்த தம் நூலில் இவர் ஒரு விதி வகுத்தார். சமநிலத்தில் நடப்போன் ஓரடி வைப்பு அந்நாட்டளவில் 24 அங்குலம். நேர் மேலே ஏணியில் ஏறுவோனுக்கு அது 12 அங்குலமே. ஆதலின் உயரத்தில் ஓரங்குலம், நடையில் ஈரங்குலத்துக்குச் சமம். படியின் உயரத்தை இரட்டித்து அதனோடு மிதியின் அகலத்தைக் கூட்டினால் 24 வரவேண்டும் என்பதே விதி. அந்நாட்டு அங்குலம் நம் அங்குலத்தினும் சற்றுப் பெரிதாதலின், நம் கணக்கில் அஃது ஏறக்குறைய 25½ அங்குலமாம். மனிதன் காலே இங்கு அளவுகோலாயிற்று.

படிக்கு விதி கிடைத்தும் கைப்பிடிக்கு விதி கிடைக்க நெடுநாளாயிற்று. நேரான படிக்கட்டில் கைப்பிடி அமைத்தல் எளிது. வளைந்து ஏறும் படிக்கட்டிலோ கைப்பிடிச் சட்டம் ஒருங்கே வளையவும் வேண்டும், உயரவும் வேண்டும். கண்ணளவையும் கைப்பழக்கத்தையும் நம்பி அதனைச் செதுக்குங்கால் மரமும் நாளும் வீணாவது இயல்பே. இவ்விடர் நீங்க வழி காட்டியவர் பீட்டர் நிக்கல்சன். ஸ்காத்துலாந்தில் 1765 இல் ஒரு கற்றச்சருக்கு மகனாய்ப் பிறந்து, மரவேலை பயின்று, கூலிக்கு உழைத்த தொழிலாளி இவர். கணிதத்தைத் தாமே கற்றுக்கொண்டார். இலண்டன் சென்றபின் தொழிலாளிகளுக்கு மாலைப் பள்ளி நடத்தினார். 1792 இல் தச்சர்க்கெனத் தாம் எழுதிய நூலுக்கு வேண்டிய படங்களையும் தம் கையாலேயே செதுக்கினார். உருளை ஒன்றைச் சாய்வாக வெட்டினால் முட்டை வடிவான வளைவு தோன்றுமன்றோ? அவ்வளைவைத் தாளில் வரைந்து பலகையின்மேல் ஒற்றி அறுத்தால், வளைந்தேறும் கைப்பிடி பழுதின்றி அமையும் என்பது இவர் காட்டிய நெறியின் சாரம். இதன் பொருட்டு 1814 இல் இலண்டன் கலைச் சங்கம் பொற்பதக்கம் அளித்தது. படிக்கட்டும் கைப்பிடியும் பற்றிய இவரது தனி நூல் 1820 இல் வெளிவந்தது. 1844 இல் மறைந்த இவர் பெருஞ்செல்வம் ஈட்டினாரல்லர். ஆயினும் பட்டறை வித்தையை ஏட்டில் ஏற்றினமையின் இவர் பெயர் நிலைத்தது.

எழுதி வையாதார் நிலைமைக்கு மற்றொரு படிக்கட்டு சான்றாகும். அமெரிக்காவில் சாந்தா பே நகரத்து லொரெட்டோ என்னும் சிறு கோயிலில், 1870களின் இறுதியை ஒட்டி, சுமார் 20 அடி உயரத்துக்கு மரப்படிக்கட்டொன்று அமைக்கப்பட்டது. அதற்கு 33 படிகள். இரண்டு முழுச் சுற்றுகள். நடுவே தாங்கும் தூண் இல்லை. ஆணிக்கு மாறாக மரமுளைகளே உள்ளன. உட்புறச் சட்டம் மிக நெருங்கிச் சுழல்வதால் அதுவே தூண்போல் நின்று தாங்குகின்றது. வியப்புற்ற மக்கள், தச்சராய் விளங்கிய சூசையப்பரே நேரில் வந்து செய்தார் என்று கதை கட்டினர். நூறாண்டு கழிந்தபின் ஆராய்ச்சியாளர் ஒருவர், 1895 ஆம் ஆண்டுச் செய்தித்தாளின் மரணக் குறிப்பொன்றால், அதனைச் செய்தவர் பிரான்சிலிருந்து குடியேறிய ரோஷா என்னும் மரத்தொழிலாளி எனக் காட்டினார். செய்தவன் பெயரைக் குறித்து வையாத இடத்திற் கதை வந்து குடிபுகுகின்றது. மேலும் ஒன்று: அப்படிக்கட்டு முதலிற் கைப்பிடி இன்றியே நின்றது. இறங்குவோர் அஞ்சிக் கையும் முழந்தாளும் ஊன்றி இறங்கினர் என்பர். 1887 அளவில் வேறொரு தச்சர் கிராதி அமைத்த பின்னரே அச்சம் நீங்கிற்று. எத்துணை அரிய வேலைப்பாடாயினும் கைப்பிடி இல்லையேல் பயன் குறையும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, இவ்வரலாற்றால் நம் வீட்டுப் பட்டறைக்கு ஆவது யாது? ஒரு கணக்குக் காட்டுவாம். கீழ்த்தளத்திலிருந்து மேற்றளம் 8 அடி 9 அங்குலம், அஃதாவது 105 அங்குலம் என்க. ஏற்றம் ஒவ்வொன்றும் 7 அங்குலமாயின் ஏற்றங்கள் 15. ஏழை இரட்டிக்க 14. 25½ இல் அது போக மிதியின் அகலம் 11½ அங்குலம். கடைசி ஏற்றம் மேற்றளத்தையே அடைதலின் மிதிகள் 14 போதும். தரையில் அவை கொள்ளும் நீளம் 161 அங்குலம், அஃதாவது 13 அடி 5 அங்குலம். அவ்வளவு இடம் இல்லையாயின் நடுவே ஒரு மேடை அமைத்துத் திருப்புக. மேற்றளத்துக்குப் பின்னர்ப் பலகை பரப்பும் கருத்துண்டாயின், அப்பலகையின் கனத்தையும் முதலிலேயே கூட்டிக் கொள்க. இன்றேல் கடைசிப் படி மட்டும் வேறுபடும். கால், முன்வைத்த படியின் அளவை நினைவிற்கொண்டே அடுத்த படியைத் தேடுமாதலின், அவ்வேறுபாடே இடறுதற்குக் காரணமாகும். அமெரிக்க இல்லக் கட்டட விதி, ஒரு படிக்கட்டிற் படிகளின் உயர வேறுபாடு 3/8 அங்குலத்துக்கு மேற்படலாகாது என்கின்றது. கைப்பிடி, மிதியின் முன்விளிம்பிலிருந்து 34 முதல் 38 அங்குல உயரத்தில் இருத்தல் வேண்டும் என்பதும் அவ்விதியே. கிராதிக் கால்களின் இடைவெளி 4 அங்குலத்துக்கு உட்பட்டிருப்பின் சிறுகுழந்தையின் தலை அதனுள் நுழையாது.

அன்பர்களே! பட்டறையில் நாம் ஏறி இறங்கும் படியில் நம் முதியோரும் சிறுவரும் ஏறுவர். கைநிறையப் பலகை சுமந்து நாமே இரவிலும் இறங்குவோம். செலவைச் சுருக்கக் கருதுவோர் வேறெதனைச் சுருக்கினும் கைப்பிடியைச் சுருக்கற்க. வேலை முடிந்தபின், படியின் எண்ணிக்கை, ஏற்றம், மிதி, மரத்தின் பெயர், செய்த ஆண்டு, செய்தவர் பெயர் இவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டுக் கணக்கேட்டோடு வைத்திடுக. பழுது பார்க்கும் பேரனுக்கு அது துணையாகும். தொழில் கற்கும் இளைஞனுக்கு அதுவே ஒரு பாடமாகும். ஹால்ஷ்டாட் தச்சன் பெயரை நாம் இனி அறிதற்கில்லை. நம் இல்லத்துப் படியைச் செய்தவன் பெயரேனும் மறையாதிருத்தல் நம் கையில் உள்ளது.