இரத்தலும் பொதுப்பெட்டியும்: பதினாறாம் நூற்றாண்டின் ஒரு வழக்கு

ஆலய வாயிலில் அமர்ந்திருக்கும் இரவலரை என்ன செய்வது என்னும் கேள்வி நம் சேகரக் கூட்டங்களில் அவ்வப்போது எழுவதுண்டு. காசு இடுவது சோம்பலை வளர்க்கும், நோயாளரையும் குழந்தைகளையும் வைத்துப் பிழைப்போர்க்கு அது வாய்ப்பாகும் என்பர் ஒரு சாரார். கேட்பவருக்குக் கொடுக்குமாறு மலைப்பொழிவில் ஆண்டவர் பணித்திருக்க, வாயிலை அடைப்பது எங்ஙனம் என்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கை 1520 முதல் 1545 வரையுள்ள கால் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களும் இறையியலாரும் முழு அளவில் பேசித் தீர்க்க முயன்றனர். அவர்கள் இயற்றிய ஒழுங்குகளை ஒருங்கே வைத்து நோக்கின் ஒன்று புலனாகும். இரத்தலைத் தடுத்த ஒழுங்குகள் தடையோடு ஒரு வாக்குறுதியையும் சேர்த்தே பிறந்தன. இரவாதபடி உணவளிப்போம் என்பதே அவ்வாக்குறுதி. அது தளர்ந்த இடங்களில் தடை மட்டும் எஞ்சியது.

இடைக்காலத் திருச்சபையில் இரத்தல் இழிவாகக் கருதப்படவில்லை. ஈகை பாவத்திற்குப் பரிகாரம் என்று போதிக்கப்பட்டமையால், செல்வர்க்கு இரவலரின் செபம் தேவையாயிற்று. பிரான்சிஸ், தோமினிக் ஆகியோரின் வழிவந்த துறவியர் இரந்துண்ணுதலையே தூய வாழ்வின் அடையாளமாக ஏற்றனர். ஆனால் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கள்தொகை பெருகிற்று. தானிய விலை உயர்ந்தது. வேலை தேடி நகரங்களுக்கு வந்தோர் தெருவில் நின்றனர். பழைய ஈகைமுறை அக்கூட்டத்தைத் தாங்கவில்லை.

1520-இல் லூத்தர் ஜெர்மானியக் கிறிஸ்தவப் பெருமக்களுக்கு எழுதிய விண்ணப்பத்தில் இதனைத் தொட்டார். ஒவ்வொரு நகரமும் தன் ஏழைகளைத் தானே தாங்க வேண்டும், ஏழைகளை அறிந்து நகர மன்றத்திற்கோ குருவிற்கோ தெரிவிக்கும் ஒரு கண்காணிப்பாளர் வேண்டும் என்றார். ஐந்தாறு துறவற அமைப்புகள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஆறேழு முறை வருவதையும், அவற்றோடு பொது இரவலரையும் கணக்கிட்டு, ஒரு நகரம் ஆண்டில் அறுபது முறையளவு இரப்போர்க்குக் கொடுக்கின்றது என்று காட்டினார். அவரும் இரந்துண்ணும் அமைப்பொன்றின் துறவியே. பள்ளிச் சிறுவனாய் வீட்டு வாயில்களில் பாடி உணவு பெற்றவர். ஏழைகளை அறியாதவர் எழுதிய கணக்கு என்று இதனைத் தள்ளிவிட இயலாது.

1522 சனவரியில் விட்டன்பெர்க் நகரம் தன் ஒழுங்கை இயற்றிற்று. துறவியர் உட்பட எவரும் இரக்கலாகாது. மறைந்தோர் பொருட்டு நிறுவப்பட்டிருந்த அறக்கட்டளைகளின் வருவாய் ஒரு பொதுப்பெட்டியில் சேர வேண்டும். அதிலிருந்து வறிய கைவினைஞர்க்குக் கடனும், ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு உதவியும், ஏழைப் பிள்ளைகளின் கல்விக்குப் பொருளும் அளிக்கப்பட வேண்டும். அதே மாதத்தில் கார்ல்ஷ்டாட் வெளியிட்ட சிறுநூல், திருவுருவங்களை அகற்றுதலையும் கிறிஸ்தவரிடையே இரவலர் இராமையையும் ஒரே தலைப்பில் இணைத்துப் பேசியது. அவருடைய ஆதாரங்களுள் தலையாயது உபாகமம் 15:4. இஸ்ரவேலில் எளியவன் இராதபடி என்னும் கருத்துடையது. அதே அதிகாரத்தின் 11-ஆம் வசனமோ எளியவர் தேசத்தில் ஒழிவதில்லை என்கின்றது. இரு வசனங்களுக்கும் இடையில் நிற்பது கையைத் திறக்கும் கட்டளையாகும். முதல் வசனத்தை மட்டும் எடுத்து, இரவலர் இராதிருப்பதே நோக்கமென்று கொள்வோர் அக்கட்டளையைத் தாண்டிச் செல்கின்றனர் என்பது என் கருத்து.

1523-இல் லைஸ்னிக் நகரத்துச் சபையார் வகுத்த ஒழுங்கு நம் மாணவர் கருத்தூன்றிப் பயிலத்தக்கது. லூத்தர் தாமே அதற்கு முன்னுரை எழுதி வெளியிட்டார். ஆண்டுதோறும் பதின்மர் தேர்ந்தெடுக்கப்படுவர். அவர்களில் உயர்குடியினர் இருவர், நகர மன்றத்தார் இருவர், நகர மக்கள் மூவர், சுற்றுக் கிராமங்களின் குடியானவர் மூவர். பெட்டி ஆலயத்திலே இருக்கும். அதற்கு வெவ்வேறான நான்கு பூட்டுகள். நான்கு சாவிகளும் நான்கு வகுப்பாரிடம் இருக்கும். ஒருவர் இன்றி மற்றவர் திறத்தல் இயலாது. பதின்மரும் ஞாயிறுதோறும் கூடிக் கணக்குப் பார்ப்பர். குடியானவர் மூவர்க்கு இடமளித்தது அக்காலத்தில் சிறிய செய்தியன்று.

எனினும் பெட்டி நிரம்பவில்லை. அறக்கட்டளைச் சொத்துகளை ஒப்படைக்க நகர மன்றம் மறுத்தது. லூத்தர் நேரில் சென்றும், ஆளுநருக்கு எழுதியும் பயன் குறைவாயிருந்தது. இரத்தலைத் தடுக்கும் விதி ஏட்டில் இருக்க, ஈடுசெய்யும் பொருள் பழைய கைகளிலேயே தங்கிற்று. நம் சேகரங்களில் வாயிலைப் பற்றித் தீர்மானம் வரும் நாளில் ஏழைகள் நிதியின் கணக்கேட்டையும் அதே மேசைமீது வைக்குமாறு ஆயர் கேட்பாராயின், விவாதத்தின் போக்கு மாறும்.

சூரிச் நகரம் 1525 சனவரியில் இரத்தலைத் தடுத்தபோது தோமினிக்கத் துறவியரின் மடத்தில் நாள்தோறும் கூழும் ரொட்டியும் வழங்க ஏற்பாடு செய்தது. உதவி பெறுவோர் அடையாளச் சின்னம் அணிய வேண்டும் என்ற விதியும் உடன் வந்தது. பசி தீர்ந்தது, ஏழ்மை ஆடையின்மேல் தைக்கப்பட்டது.

இவ்வியக்கம் சீர்திருத்தத் திருச்சபைகளுக்கு மட்டும் உரியதென எண்ணுதல் தவறு. ரோமச் சபையைச் சார்ந்த ஈப்பர் நகரம் 1525-இல் இத்தகைய ஒழுங்கை ஏற்றது. மறு ஆண்டில் ஹுவான் லூயிஸ் வீவெஸ் என்னும் ஸ்பானிய அறிஞர் ஏழைகளுக்கு உதவுதல் பற்றிய தம் நூலைப் புரூஜ் நகர மன்றத்திற்குப் படைத்தார். ஈப்பரின் இரந்துண்ணும் துறவியர் இவ்வொழுங்கு லூத்தரின் போதனையை ஒத்தது என்று முறையிட, வழக்கு பாரிஸ் இறையியலாரிடம் சென்றது. 1531 சனவரியில் அவர்கள் அளித்த தீர்ப்பு நிதானமானது. ஒழுங்கு கடினமாயினும் பயனுள்ளது, திருமறைக்கு முரணாகாது என்றனர். ஆனால் நிபந்தனைகளும் இட்டனர். நகரின் நிதி போதாதபோது ஏழைகள் இரப்பதைத் தடுக்கலாகாது; தனிப்பட்டோர் ஈவதையும் தடுக்கலாகாது; ஏழைகளின் பெயரால் திருச்சபைச் சொத்தைக் கவரலாகாது. இவற்றுள் கடைசி நிபந்தனை தம்மவர் நலன் கருதியது என்று நாம் ஐயுறலாம். முதல் நிபந்தனையோ வழக்கின் உயிர்நாடியைத் தொடுகின்றது.

ஸ்பெயினில் இவ்வழக்கு நேருக்கு நேராக நின்றது. 1540-இல் வகுக்கப்பட்ட சட்டத்தின்படி, சொந்த ஊரில், அனுமதிச் சீட்டுப் பெற்றவரே இரக்கலாம். பாவ அறிக்கை செய்தவர்க்கே சீட்டு. சமோரா முதலிய நகரங்கள் இன்னும் முன்சென்று, தெருவில் இரத்தலை ஒழித்துப் பொதுநிதி வழியே உதவ முற்பட்டன. 1545 சனவரியில் சலமங்காப் பல்கலைக்கழகத்துத் தோமினிக்க இறையியலார் தோமிங்கோ தே சோத்தோ இதனை எதிர்த்து நூல் வெளியிட்டார். மார்ச்சு மாதத்தில் பெனடிக்டின் மடத் தலைவர் ஹுவான் தே ரோபிளெஸ் மறுமொழி எழுதினார். இருவரும் தத்தம் நூலை இளவரசர் பிலிப்புக்கே படைத்தனர்.

நாடு கடத்தல் குற்றத்திற்குரிய தண்டனை, வறுமை குற்றமன்று, ஆகவே வெளியூர் ஏழையை விரட்டுதல் அநீதி என்பது சோத்தோவின் முதல் வாதம். நாடு முழுவதும் ஓருடலாகலின் வளமற்ற பகுதியின் ஏழைகள் வளமுள்ள பகுதியை நாடும் உரிமையுடையர் என்றார். பொய் இரவலரைப் பற்றிய அச்சத்தையும் அவர் எடைபோட்டார். பொய்யர் சிலர் பெறுவதைப் பொறுத்தல், மெய்யான ஏழைகள் இழப்பதினும் மேலானது. செல்வரின் ஏமாற்று வேலைகளோடு ஒப்பிட ஏழையின் பொய் அற்பமானது. உணவு கொடுக்குமுன் ஏழையின் ஒழுக்கத்தைச் சோதிப்பதையும், பாவ அறிக்கையை அதற்கு நிபந்தனையாக்குவதையும் அவர் ஏற்கவில்லை. சோத்தோ இரந்துண்ணும் அமைப்பைச் சேர்ந்தவர், ஆகவே தம் மடத்திற்காக வாதாடினார் என்பாருமுளர். அது உண்மையாயினும் வாதத்தின் வலு குறைவதில்லை.

ரோபிளெஸும் எளிதில் தள்ளத்தக்கவரல்லர். தெருவில் இடப்படும் ஈகை உரத்துக் கூவுபவர்க்கே சேர்கின்றது; எழுந்து நடக்க இயலாத நோயாளியும், நாணத்தால் வீட்டினுள் பட்டினி கிடக்கும் கைம்பெண்ணும் ஒன்றும் பெறுவதில்லை; தெருவில் வளரும் பிள்ளைகள் தொழிலும் கற்பதில்லை, விசுவாசமும் கற்பதில்லை என்றார். ஏழையைத் தேடிச் சென்று கொடுப்பதே மேலான இரக்கம் என்பது அவர் துணிபு. இவ்விடத்தில் ரோமத் துறவியாகிய ரோபிளெஸ் லூத்தருக்கு அண்மையில் நிற்கின்றார். நமக்கு உறுத்தலான கேள்விகளை எழுப்புபவரோ சோத்தோ. சபைப்பிரிவுகளின் எல்லைக்கோட்டை வைத்து இவ்வழக்கைப் பிரிக்க முயலும் மாணவர் இதனைக் கருதுவாராக.

தடை மட்டும் தனித்து நின்றால் எதுவரை செல்லும் என்பதற்கு இங்கிலாந்து சான்று. சீர்திருத்தம் ஓங்கிய ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், 1547-இல் இயற்றப்பட்ட சட்டம், வேலை செய்யாது அலைபவரின் மார்பில் சூடிட்டு, இரண்டாண்டு அடிமையாக ஒப்படைக்க வழிசெய்தது. 1550-இல் அது நீக்கப்பட்டது. அதனை இயற்றிய மன்றத்தில் ஆயர்களும் அமர்ந்திருந்தனர்.

நம் நாட்டிலும் இதே வடிவம் தொடர்ந்தது. சென்னை மாகாணத்தில் 1945-இலும், பம்பாயில் 1959-இலும் பிச்சையெடுத்தலைத் தடுக்கும் சட்டங்கள் வந்தன. பம்பாய்ச் சட்டத்தின்படி, இரந்தவரைக் காவலர் பிடியாணையின்றிக் கைது செய்யலாம். முதல்முறை மூன்றாண்டுவரையும், மீண்டும் பிடிபட்டால் பத்தாண்டுவரையும் இல்லத்தில் அடைத்து வைக்கலாம். இச்சட்டம் தில்லிக்கும் விரிக்கப்பட்டிருந்தது. 2018 ஆகஸ்டு 8 அன்று தில்லி உயர்நீதிமன்றம், இரத்தலைக் குற்றமாக்கும் அதன் பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தள்ளியது. வாழ்வின் அடிப்படைத் தேவைகளை எல்லார்க்கும் அளிக்க இயலாத அரசு, அவை இன்மையால் இரப்பவரைக் குற்றவாளியாக்குதல் தகாது என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. பாரிஸ் இறையியலார் 1531-இல் இட்ட முதல் நிபந்தனையை அங்கே பெயரின்றிக் காணலாம். 2021 சூலையில், பெருந்தொற்றைக் காரணங்காட்டி இரவலரைத் தெருக்களினின்று அகற்றுமாறு வேண்டிய மனுவை உச்சநீதிமன்றம் அவ்வடிவில் ஏற்க மறுத்தது. அவர்களுக்குத் தடுப்பூசியும் மறுவாழ்வும் அளிப்பது பற்றியே அரசினரிடம் விளக்கம் கேட்டது.