புட்லெரவ் தெரு

ஆறு வருடம் என் மகளுக்கு அனுப்பிய பார்சல்களின் மேல் நானே கைப்பட எழுதிய முகவரி அது. புட்லெரவ் தெரு, கசான். உள்ளே பருப்புப் பொடியும் வடகமும் நாரத்தங்காய் ஊறுகாயும் இருக்கும். அவள் அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். ஏதோ ரஷ்யத் தளபதியின் பெயராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் நடத்தியவள் நான். அந்த மனிதர் என் பாடத்தின் மூல ஆள்களில் ஒருவர் என்பது தெரியாமலே ஆறு வருடம் அவர் பெயரை எழுதியிருக்கிறேன்.

2019 ஜூனில் மகளின் பட்டமளிப்புக்காகக் கசானுக்குப் போனேன். வோல்கா நதியின் இடது கரையில் இருக்கும் ஊர். தாத்தார்ஸ்தானின் தலைநகர். கோட்டைக்குள் மசூதியின் நீலக் கூம்பும் தேவாலயத்தின் குவிமாடமும் அருகருகே நிற்கும். இரவு எட்டரை வரைக்கும் வெயில். விழா முடிந்த மறுநாள், "அம்மா, உங்களுக்குப் பிடிக்கிற இடம் ஒண்ணு இருக்கு, வாங்க" என்று கிரெம்ளின் தெருவில் இருக்கும் பழைய பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப்போனாள்.

வெள்ளைத் தூண்கள் வரிசையாக நிற்கும் நீண்ட கட்டடம். எதிரே வட்டமான மேடைத் திடலில் இளைஞன் லெனினின் சிலை. அந்தத் திடலை மாணவர்கள் 'வாணலி' என்று சொல்கிறார்கள். யாரைப் பார்க்க வேண்டுமானாலும் "வாணலிக்கு வா" என்பார்களாம். 1887-இல் சட்டம் படிக்கச் சேர்ந்த லெனினை, மாணவர் கூட்டத்தில் கலந்துகொண்டதற்காக அதே டிசம்பரில் வெளியேற்றிய பல்கலைக்கழகம் இது. டால்ஸ்டாய் 1844-இல் கீழை மொழிகள் படிக்கச் சேர்ந்து, சட்டத்துக்கு மாறி, 1847-இல் பட்டம் வாங்காமலே போனதும் இங்கேதான். இங்கே படிக்கும் ஆசையோடு 1884-இல் ஊருக்கு வந்த கார்க்கிக்கு ரொட்டிக்கடையின் நிலவறை வேலைதான் கிடைத்தது. சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வது இந்த மூன்று பெயர்களைத்தான். மூவருமே இங்கே படிப்பை முடிக்காதவர்கள். நான் பார்க்கப் போனது முடித்தவர்களையும், முடித்த பிறகும் ஊரை விட்டுப் போகாதவர்களையும்.

முதலாம் அலெக்சாண்டர் 1804-இல் ஆணையிட்டு நிறுவிய பல்கலைக்கழகம். 2010-இல் வேறு சில உயர்கல்வி நிறுவனங்களையும் சேர்த்து அதைக் கூட்டாட்சிப் பல்கலைக்கழகம் ஆக்கினார்கள். இப்போது அது மிகப் பெரியது. ஆனால் என் கதை முற்றத்தில் இருக்கும் ஒரு பழைய கட்டடத்துக்குள் அடங்கிவிடும். 19-ஆம் நூற்றாண்டின் வேதியியல் கூடம் அது. இப்போது அருங்காட்சியகம். உள்ளே அரை வட்டமாக ஏறிப்போகும் மரப் பெஞ்சுகளோடு ஒரு விரிவுரைக் கூடம், கண்ணாடி அலமாரிகளில் குடுவைகள், சுவரில் படங்கள்.

படங்களின் கீழே இருந்த பெயர்களை மகள் படித்துக்கொண்டே வந்தாள். ஸீனின். புட்லெரவ். மார்க்கோவ்னிகாஃப். நான் நின்றுவிட்டேன். அடுத்த படம் ஸாய்த்செவ். நம் பாடப்புத்தகத்தில் ஜெர்மன் எழுத்துக் கூட்டலின் வழியாக 'சேட்செஃப்' ஆகிவிட்டவர். அடுத்தவர் ரெஃபர்மாட்ஸ்கி. அதற்கடுத்தவர் அர்பூஸவ். கரிம வேதியியலில் நான் கரும்பலகையில் எழுதி எழுதித் தேய்ந்த பெயர்கள். ஒரு மதிப்பெண் வினாவுக்கு நான்கு விடைகளில் ஒன்றாக வரும் பெயர்கள். அவர்கள் எல்லாரும் ஒரே கூரைக்கடியில், ஒருவர் இன்னொருவருக்கு ஆசிரியராக இருந்தவர்கள் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. நானும் யாருக்கும் சொன்னதில்லை.

இந்த வரிசை ஒரு கணித ஆசிரியரின் காலத்தில் தொடங்குகிறது. லோபாச்செவ்ஸ்கி இங்கேயே படித்து, இங்கேயே கற்பித்து, 1827 முதல் 1846 வரை துணைவேந்தருக்கு நிகரான ரெக்டர் பதவியில் இருந்தவர். யூக்ளிடின் இணைகோட்டு விதியைக் கைவிட்டாலும் முரண்பாடு இல்லாத வடிவியல் ஒன்றைக் கட்டலாம் என்று 1826-இல் இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் சகாக்களுக்குப் படித்துக் காட்டினார். அவர்களுக்குப் புரியவில்லை. ஆனால் நூலகத்தையும் வானியல் கூடத்தையும் பரிசோதனைச் சாலைகளையும் அவர் எழுப்பிக்கொண்டே இருந்தார். 1830-இல் காலரா வந்தபோது ஆசிரியர் குடும்பங்களையும் மாணவர்களையும் வளாகத்துக்குள் வைத்து வாயிலை அடைத்துவிட்டார். வெளியிலிருந்து வருவது எல்லாம் சோதனைக்குப் பிறகே உள்ளே வரும். சாவு அங்கே குறைவாகவே இருந்தது. இதைக் கேட்டு வந்த மறு வருடமே எங்கள் பள்ளி வாயிலும் கோவிடுக்காகப் பூட்டப்பட்டது. அப்போது அவரை அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

அவர் ரெக்டராக இருந்தபோது கணிதம் படிக்க வந்தவர் நிக்கோலாய் ஸீனின். பெற்றோரைச் சிறு வயதிலேயே இழந்தவர். கணிதத்தில் பட்டம் பெற்ற பையனைப் பல்கலைக்கழகம் வேதியியல் கற்பிக்கச் சொன்னது. ஆள் இல்லை, அதனால் நீ எடு என்று. எங்கள் பள்ளிகளில் நடப்பதுதான். நானும் இரண்டு வருடம் இயற்பியல் எடுத்திருக்கிறேன். ஸீனின் ஜெர்மனிக்குப் போய் லீபிக்கின் ஆய்வுக்கூடத்தில் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார். 1842-இல் நைட்ரோ பென்சீனின் ஆல்கஹால் கரைசலில் அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்த்து ஒடுக்கியபோது அவருக்கு எண்ணெய் போன்ற ஒரு பொருள் கிடைத்தது. அது அனிலீன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போவேன், ஏனென்றால் இது எங்கள் ஊர்க் கதையும்கூட. இரண்டு வருடம் முன்பு, 1840-இல், ஃப்ரிட்ஷே என்ற வேதியியலாளர் அவுரிச் செடியின் நீலத்தைக் காரத்தோடு சேர்த்துக் காய்ச்சி வடித்து இதே பொருளைப் பெற்றிருந்தார். 'அனில்' என்பது போர்ச்சுக்கீசியர் நீலச்சாயத்துக்குச் சொன்ன பெயர். அரபு வழியாக அவர்களிடம் போன நம் 'நீலம்'தான் அது. ஆக, என் தாத்தாவின் நிலத்தில் விளைந்த செடியின் பெயரைத் தாங்கிய பொருளை, அந்தச் செடியே இல்லாமல், தாரிலிருந்து கிடைக்கும் பென்சீனைக் கொண்டு செய்ய முடியும் என்று காட்டிவிட்டார் ஸீனின். 1856-இல் லண்டனில் பெர்க்கின் அனிலீனிலிருந்து ஊதாச் சாயம் செய்தார். அதைத் தொடர்ந்து ஜெர்மன் சாயத் தொழிற்சாலைகள் கிளம்பின. 1897-இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. தென்னாற்காட்டு அவுரிக் காடுகள் அடுத்த சில ஆண்டுகளில் கடலைக்கும் கம்புக்கும் மாறின.

எங்கள் குடும்ப நிலத்தில் இரண்டு செங்கல் தொட்டிகள் இருந்தன. மேல் தொட்டியில் அவுரித் தழையை ஊறப்போட்டு, புளித்த தண்ணீரைக் கீழ்த் தொட்டிக்குத் திறந்துவிடுவார்கள். ஆட்கள் வரிசையாக இறங்கிக் காலால் அடித்துக் கலக்குவார்கள். பச்சையாக இருந்த தண்ணீர் காற்றுப் பட்டு நீலமாகும். எங்கள் பக்கத்தில் இப்போதும் ஒன்றிரண்டு இடத்தில் இந்த வேலை நடக்கிறது. எங்கள் தொட்டியில் சாயம் இல்லை. அப்பா காலத்தில் அது மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி. நான் பிளஸ் டூவில் அனிலீன் தயாரிப்பைத் தகரமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கொண்டு நடத்தும்போது, பள்ளி மதிலுக்கு அந்தப் பக்கமே அப்படி ஒரு தொட்டி கிடந்தது. இரண்டுக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

ஸீனின் காலத்தில் அதே கூடத்தில் இருந்த இன்னொருவர் கார்ல் கிளாவுஸ். அனாதையாக வளர்ந்து, மருந்துக்கடையில் வேலை பழகி, கசானில் சொந்த மருந்துக்கடை வைத்திருந்து, பிறகு பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். அப்போது ரஷ்யா பிளாட்டினத்தில் நாணயம் அடித்துக்கொண்டிருந்தது. நாணயச் சாலையில் மிஞ்சிய பிளாட்டினக் கசடை வாங்கிவந்து வருடக்கணக்கில் பிரித்தெடுத்து 1844-இல் புதிய தனிமம் ஒன்றைக் கண்டார். கையில் கிடைத்தது ஆறு கிராம். லத்தீனில் ரஷ்யாவைக் குறிக்கும் பெயரால் அதற்கு ருத்தீனியம் என்று பெயரிட்டார். பெர்சீலியஸுக்கு மாதிரி அனுப்பியபோது, இது சுத்தமாகாத இரிடியம் என்று அவர் மறுத்தார். ஐரோப்பாவில் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. கிளாவுஸ் விடாமல் மறுபடி மறுபடி அனுப்பி அவரை ஒப்புக்கொள்ள வைத்தார். சேர்மங்களை நாக்கில் வைத்துச் சுவை பார்ப்பது அவர் பழக்கம். ஆய்வகத்தில் மாணவர் பிப்பெட்டை வாயில் வைத்தாலே பதறுகிறவள் நான். மகள் அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது என் உடம்பு நடுங்கியது.

இந்த இருவரின் மாணவர்தான் அலெக்சாண்டர் புட்லெரவ். விடுதிப் பள்ளியில் படிக்கும்போதே பட்டாசு மாதிரி எதையோ கலக்கி வெடிக்க வைத்தவர். இருட்டறையில் பூட்டி, பிறகு மார்பில் 'மாபெரும் வேதியியலாளர்' என்று எழுதிய பலகையைத் தொங்கவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் நிற்க வைத்தார்கள். கல்லூரிக் காலத்தில் ஆய்வுப் பயணம் போன இடத்தில் டைஃபாய்டு வந்தது. பணிவிடை செய்ய வந்த அப்பாவுக்கு அது தொற்றி, பிள்ளை பிழைக்க அப்பா இறந்தார். 1849-இல் அவர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வு வோல்கா-ஊரல் பகுதியின் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றியது. வேதியியலைப் பற்றியது அல்ல. கடைசி வரை தேனீயும் வளர்த்தார், தேனீ வளர்ப்பு பற்றிப் புத்தகமும் எழுதினார்.

1861-இல் ஜெர்மனியின் ஷ்பையர் நகரில் அவர் சொன்னதைத்தான் நாம் ஒவ்வொரு நாளும் கரும்பலகையில் வரைகிறோம். ஒரு மூலக்கூறில் எந்த அணு எதனோடு இணைந்திருக்கிறது என்பதே அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது, அந்த இணைப்பை வினைகளின் மூலம் கண்டறியலாம், ஒரு வாய்பாட்டால் எழுதலாம் என்றார். 'வேதிக் கட்டமைப்பு' என்ற சொல்லை இந்தப் பொருளில் நிலைநாட்டியவர் அவர். கெக்குலேயும் கூப்பரும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் சொன்னதைச் செய்து காட்டியவர் புட்லெரவ். இப்படி ஒரு சேர்மம் இருக்க முடியும் என்று தாளில் எழுதிவிட்டு, 1864-இல் மூவிணைய பியூட்டைல் ஆல்கஹாலைத் தயாரித்துக் காட்டினார்.

அவர் வகுப்புக்கு வந்த இருவர் வேதியியல் படிக்க வந்தவர்களே இல்லை. சட்டமும் பொருளாதாரமும் சேர்ந்த நிர்வாகப் படிப்புக்கு வந்தவர்கள். அந்தப் படிப்பில் வேதியியலும் கட்டாயப் பாடம். அப்படி வந்து மாட்டிக்கொண்டவர்கள்தான் மார்க்கோவ்னிகாஃபும் ஸாய்த்செவும். ஸாய்த்செவின் அப்பா கசானில் தேயிலையும் சர்க்கரையும் விற்ற வியாபாரி. பையன் கடையில் உட்கார வேண்டும் என்பது அவர் முடிவு. தாய்மாமன் தலையிட்டுத்தான் படிக்க அனுப்பினார்கள்.

ஹைட்ரஜன் சேரும்போது ஏற்கெனவே ஹைட்ரஜன் அதிகம் உள்ள கார்பனிலேயே சேரும் என்றார் மார்க்கோவ்னிகாஃப், 1869-இல். ஹைட்ரஜன் நீங்கும்போது குறைவாக உள்ள கார்பனிலிருந்தே நீங்கும் என்றார் ஸாய்த்செவ், 1875-இல். "இருக்கிற வீட்டுக்கே சீர் போகும், இல்லாத வீட்டிலதான் பண்டம் பறிபோகும்" என்று சொல்லித்தான் பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆக்கினேன். ஒரே ஆசிரியரின் இரண்டு மாணவர்கள் ஒரே கேள்வியின் இரண்டு பக்கத்தையும் பிடித்திருக்கிறார்கள் என்பது அந்தச் சுவருக்கு முன்னால்தான் உறைத்தது. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1871-இல் உடற்கூறியல் பேராசிரியர் லெஸ்காஃப்டை அரசாங்கம் நீக்கியபோது அதை எதிர்த்து ராஜினாமா செய்து வெளியேறியவர்களில் மார்க்கோவ்னிகாஃப் ஒருவர். பிறகு ஒடெசாவுக்கும் மாஸ்கோவுக்கும் போனார். புட்லெரவ் அதற்கு முன்பே பீட்டர்ஸ்பர்க்குக்குப் போய்விட்டார். ஸீனினும் அங்கேதான் போயிருந்தார். இளைஞன் நோபலுக்கு அவர் வேதியியல் சொல்லிக்கொடுத்ததும் அங்கேதான். பெயர் வாங்கியவர்களைத் தலைநகரம் இழுத்துக்கொண்டே இருந்தது.

ஸாய்த்செவ் போகவில்லை. பிறந்த ஊரில், அதே கூடத்தில், 1910-இல் இறக்கும் வரை கற்பித்தார். ரெஃபர்மாட்ஸ்கி அவர் மாணவர். துத்தநாகத்தைக் கொண்டு செய்யும் தன் வினையை அவர் வெளியிட்டது, லெனின் இங்கிருந்து வெளியேற்றப்பட்ட அதே 1887-இல். வாக்னர் அவர் மாணவர். அர்பூஸவ் அவர் மாணவர். அர்பூஸவ் தனக்கு வேண்டிய கண்ணாடிக் கருவிகளைத் தானே ஊதிச் செய்வார். கண்ணாடி ஊதுவதற்குக் கையேடே எழுதினார். பாஸ்பரஸ் சேர்மங்களில் அவர் கண்ட வினை இன்று பூச்சிமருந்து வரை போகிறது. ஆசிரியருக்குப் பின் அதே நாற்காலிக்கு வந்து, 1968 வரை இந்த ஊரில் வாழ்ந்தார். மகன் போரிஸ் அர்பூஸவும் வேதியியலாளர். 1944-இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, இதே பல்கலைக்கழகத்தில் ஜவோய்ஸ்கி எலக்ட்ரான் பாரா காந்த ஒத்ததிர்வைக் கண்டது பெரிய கதை. ஆனால் அது இயற்பியல்காரர்கள் சொல்ல வேண்டியது.

விரிவுரைக் கூடத்தில் கொஞ்ச நேரம் உட்காரலாமா என்று மகளைக் கேட்கச் சொன்னேன். அனுமதித்தார்கள். மேல் வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். கீழே சிறிய கரும்பலகை, அதற்கு முன் நீண்ட மேசை. கடைசிப் பெஞ்சிலிருந்தும் மேசையில் இருக்கும் குடுவையின் நிறம் தெரியும்படி சரிவு அமைத்திருக்கிறார்கள். எங்கள் பள்ளியில் எழுபது பிள்ளைகள் சமதளத்தில் உட்கார்ந்து, முன்னால் இருப்பவர் தலைக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்கள்.

ஊருக்கு வந்ததும் ஆல்கீன்கள் பாடம் வந்தது. இந்த முறை விதியை எழுதுவதற்கு முன் ஊரை எழுதினேன். ஸீனினிலிருந்து அர்பூஸவ் வரை கோடு போட்டு, யார் யாருக்கு டீச்சர் என்று காட்டினேன். அரை மணி நேரம் போய்விட்டது. ஒரு பெண் பிள்ளை, அப்பாவுக்கு மளிகைக்கடை, எழுந்து கேட்டாள்: "டீச்சர், அந்த டீக்கடைக்காரர் மகன் ஊரை விட்டுப் போகவே இல்லையா?"

தேயிலை மொத்த வியாபாரி, டீக்கடை இல்லை என்று திருத்தினேன். போகவில்லை என்றும் சொன்னேன். அவள் நோட்டில் ஸாய்த்செவ் பெயருக்குப் பக்கத்தில் கசான் என்று எழுதிக்கொண்டாள்.