அடைக்கலம் முதல் உரிமை வரை: சென்னையில் தனித்துத் தங்கும் மகளிர்

வழிச் செல்வோர்க்கு வழியினும் கவலை தருவது இரவு. பகலில் எங்கும் சென்று வரலாம். பொழுது சாய்ந்தபின் தலைசாய்க்க ஓரிடம் வேண்டும். முன்பின் அறியாப் பெருநகரில் எந்தப் பகுதியில் தங்குவது, எவர் வீட்டில் தங்குவது என்னும் இருவினாக்கள் தமிழிலக்கியத்திற்குப் புதியன அல்ல. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை முழுமையும் இவ்விரு வினாக்களுக்கு விடை காணும் முயற்சியே எனலாம்.

மதுரையின் மதிற்புறத்தே அறவோர் வாழும் புறஞ்சேரியில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் தங்கியிருந்தனர். துறந்தோர் உறையும் அவ்விடம் இல்லறத்தார்க்கு ஏற்றதன்று என்பதால், பொழுது மறையுமுன் நகர்க்குள் செல்லுமாறு கோவலனுக்கு அறிவுறுத்தினர். அவ்வேளையில் இயக்கிக்குப் பால்மடை கொடுத்துத் திரும்பிய ஆயர்குல முதுமகள் மாதரி எதிர்ப்பட்டாள். அடிகள் முதலில் ஆயர்தம் வாழ்க்கையை எண்ணிப் பார்க்கிறார். அதிற் கொடுமை இல்லை எனத் தெளிகிறார். அதன் பின்னரே மாதரியின் குணநலனை எண்ணுகிறார். முதியவள், நேர்மையும் இரக்கமும் உடையவள் எனத் தேர்கிறார். முதலில் சூழல், பின்னர் அவ்விடத்திற்குப் பொறுப்பாவார் என்னும் இவ்வரிசை நோக்கத்தக்கது. மறுநாள் கோவலன் சிலம்பு விற்கச் சென்றுவிடுவான். கண்ணகி தனித்திருக்க வேண்டும். அதனை உணர்ந்தே மாதரி காவலுடைய மனையொன்றை ஒதுக்கித் தன் மகள் ஐயையைத் துணை வைத்தாள்.

கண்ணகிக்குக் கவுந்தியடிகள் வாய்த்தார். கவுந்தி வாய்க்காதவர் என் செய்வர்? சென்னை மாநகரின் விடுதி வரலாறு இவ்வினாவிற்குப் பல காலங்களில் பலவாறு விடை கூறியிருக்கிறது.

நகருக்குள் வருவோர் எங்குத் தங்குவர் என்பதை, நகரின் வாயில் எங்கிருந்தது என்பதே பெரிதும் முடிவு செய்தது. 1856ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1873இல் சென்ட்ரல் நிலையமும், 1908இல் எழும்பூர் நிலையமும் எழுந்தன. சென்ட்ரலைச் சுற்றிப் பெரியமேடும் வால்டாக்ஸ் சாலையும், எழும்பூரின் எதிரே கென்னட் சந்தும் வழிப்போக்கரின் இருப்பிடங்கள் ஆயின. பின்னாளில் வெளியூர்ப் பேருந்துகள் பாரிமுனையிலிருந்து 2002இல் கோயம்பேட்டிற்கு மாறின. தென்மாவட்டப் பேருந்துகளுக்கென 2023இன் இறுதியில் கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்டது. வாயில் மாறுந்தோறும் விடுதிகளும் அதன் பின்னே சென்றன. முந்தைய தலைமுறையினர் சொல்லிய தங்குமிடம் அடுத்த தலைமுறைக்குப் பயன்படாமற் போவதன் காரணம் இதுவே.

மேற்கிலிருந்து வருவோர்க்குரிய பெருவழி பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை. பாரிவாக்கத்தை அடுத்துள்ள பூவிருந்தவல்லியையும் சென்ட்ரல் நிலையத்தையும் இணைக்கும் அச்சாலையின் கீழைப் பகுதி இன்று பெரியார் ஈ.வெ.ரா. சாலை எனப் பெயர் பெற்றுள்ளது. சென்ட்ரலுக்கு எதிரே இராசா சர் சவலை இராமசாமி முதலியார் கட்டிய சத்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி வார்க்கத் தோன்றியது மணியக்காரர் சத்திரம். பிற்காலத்து ஸ்டான்லி மருத்துவமனையைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என முதியோர் வழங்கியது அதன் நினைவாகவே.

சத்திரம் அறத்தின் பெயரால் எழுந்தது. சில நாள் தங்கலுக்குக் கட்டணம் கேளாதது. எனினும் பல சத்திரங்களின் வாயிலில் சாதி கேட்கப்பட்டது. உணவுக்கூடத்தில் பந்தி பிரிக்கப்பட்டது. தனித்து வந்த பெண்ணிடமோ மற்றொரு வினாவும் கேட்கப்பட்டது: “உடன் வந்தவர் யார்?” தந்தையோ கணவனோ மகனோ உடன் நின்று விடையிறுத்தாலன்றி அவளுக்குக் கதவு திறப்பது அரிதாயிருந்தது.

ஆடவர்க்கு இத்தடை இல்லை. கல்விக்கும் வேலைக்கும் வந்த இளைஞர்களைத் திருவல்லிக்கேணி ஏற்றுக்கொண்டது. கணிதமேதை இராமானுசனும் பாரதியாரும் அப்பகுதியில் வாழ்ந்தவர்களே. பின்னர் அங்கு எழுந்த ‘மேன்ஷன்’கள் சிறு அறைகளும் பொதுக் குழாயும் கொண்டவை. அருகே மெஸ், நடக்கும் தொலைவில் கடற்கரை, பேசுவதற்குச் சொந்த ஊர்க்காரர் என ஒரு தனி இளைஞனுக்கு வேண்டுவன எல்லாம் அங்கு இருந்தன. ஆனால் அவை ஆடவர்க்கே உரியனவாயின. ஒரு பகுதி தனியாருக்கு ஏற்றது எனப் பெயர் பெறும்போது, அத்தனியார் ஆணா பெண்ணா என்று கேட்க வேண்டிய தேவை இதனால் விளங்கும்.

பெண்ணுக்கென ஓர் இடத்தைத் தேடியவருள் முன்னோடி சகோதரி சுப்புலட்சுமி (பிறப்பு 1886). இளமையிலேயே கைம்மை எய்தி, 1911இல் பட்டம் பெற்ற அவர், எழும்பூரில் நான்கு இளங்கைம்பெண்களுடன் ஓர் இல்லத்தைத் தொடங்கினார். 1912இல் சாரதா மகளிர் சங்கம் உருவாயிற்று. கைம்பெண் எதிர்ப்படுதலே அமங்கலம் எனக் கருதிய காலம் அது. அத்தகைய பெண்கள் பலர் ஒருங்கே வாழ எந்தத் தெரு இடந்தரும்? இறுதியில் அவர்களுக்கு வாய்த்தது கடற்கரை ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டப்பட்டது அது. 1897இல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். குடியிருப்புத் தெருக்களின் நெருக்கத்திலிருந்து விலகியும், 1914இல் தோன்றிய இராணி மேரிக் கல்லூரிக்கு அணித்தாகவும் அது அமைந்திருந்தது. இகழும் கண்களுக்குச் சேய்மை, கல்விக்கு அண்மை என்னும் இரண்டும் அங்கு ஒருங்கே கிடைத்தன.

சுப்புலட்சுமி பிறந்த அதே ஆண்டிற் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி கண்ட சிக்கல் இதனினும் கடியது. 1930ஆம் ஆண்டு தேவதாசிக் குடும்பங்களைச் சேர்ந்த சிறுமியர் சிலர் அடைக்கலம் வேண்டி அவர் இல்லம் வந்தனர். அவர்களை விடுதிகளிற் சேர்க்க அவர் முயன்றார். சாதிவாரியாக நடந்த அவ்விடுதிகள் அவர்தம் பிறப்பைக் காட்டி இடந்தர மறுத்தன. கதவுகள் பல இருந்தும் அச்சிறுமியர்க்கு ஒன்றும் திறக்கவில்லை. தம் வீட்டிலேயே அவர்களை வைத்துக் காத்தார் மருத்துவர்; அதுவே ஔவை இல்லமாயிற்று. நாடெங்கும் தனித்து நடந்த மூதாட்டியின் பெயர், தங்க இடமற்ற சிறுமியரின் இல்லத்திற்கு அமைந்தது மிகப் பொருத்தமுடையது.

இவ்விரு பெண்மணிகளும் செய்தது கவுந்தியடிகள் செய்த அறமே. எனினும் அறவோர் ஒருவரின் அருளை நம்பியே எல்லாப் பெண்களும் பயணம் செய்தல் இயலாது. அருளாக இருந்தது உரிமையாக வேண்டும். அம்மாற்றம் மெல்லவே வந்தது. தென்னிந்திய இருப்புப்பாதை நிலையங்களில் பிராமணர்க்கும் பிறர்க்கும் தனித்தனி உணவிடம் இருந்த முறை, பெரியாரின் போராட்டத்தின் பயனாக 1941இல் நீங்கியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, உணவகங்கள், ஓட்டல்கள் முதலியவற்றுள் நுழைவதற்குச் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியன தடையாகா என்றது. 1957இல் திருவல்லிக்கேணி உணவகம் ஒன்றின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் மறியல் நடத்தினார். சாதியைப் பற்றிய வினா இவ்வாறு தெருவில் நின்று எதிர்க்கப்பட்டது. ‘பால்’ என்னும் சொல்லும் அதே பிரிவில் இருந்தும், தனித்து வந்த பெண்ணுக்கு அறை இல்லை என்ற லாட்ஜுகளின் முன் அத்தகைய மறியல் எதுவும் நிகழவில்லை. அவள் உறவினர் வீட்டையோ, கிறித்தவ மகளிர் சங்கம் போன்ற அமைப்புகளின் விடுதியையோ நாடினாள். அச்சங்கத்தின் விருந்தினர் இல்லம் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையிலேயே அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

இதற்கிடையே மேற்குப் புறநகர் மாறியது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகின. தொலை மாவட்டங்களிலிருந்து இளம்பெண்கள் தனியே வரத் தொடங்கினர். தங்குமிடத்தை அவர்கள் தேரவில்லை. வேலைக்கு அமர்த்தியவர்களே தேர்ந்தளித்தனர். 2021ஆம் ஆண்டு திசம்பரில் பூவிருந்தவல்லியை அடுத்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி, 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். தோழியர் சிலர் இறந்தனர் என்னும் வதந்தி பரவியது. மெய்ச்செய்தி கூறப் பொறுப்புடையோர் எவரும் முன்வராத நிலையில், பெண்கள் இரவோடிரவாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறித்தனர். உயிரிழப்பு இல்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அவ்விரவில் அவர்கள் எழுப்பிய வினா, எங்கள் தங்கலுக்குப் பொறுப்பாளர் யார் என்பதே.

இந்நிகழ்ச்சிக்கு ஏழாண்டுகள் முன்னரே, மகளிர் மற்றும் சிறார் விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் தமிழ்நாட்டில் 2014இல் இயற்றப்பட்டிருந்தது. அதன்படி விடுதி நடத்துவோர் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெறல் வேண்டும். சட்டம் ஏட்டில் இருப்பது வேறு, வாயிலில் காவலாய் நிற்பது வேறு என்பதை 2021 உணர்த்தியது. அதன்பின் நிலை ஓரளவு மாறியுள்ளது. வல்லம் வடகாலில் 18,720 பணியாளர் தங்கத்தக்க குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பணிபுரியும் மகளிர்க்கென அரசு ‘தோழி’ விடுதிகளை நடத்துகிறது. சில நாள் தங்கலுக்கும் அவற்றில் இடமுண்டு.

இவ்வரலாற்றை ஒருங்கு நோக்கின் ஒன்று புலனாகும். தொடக்கத்தில் விடுதியே விருந்தினரை ஆராய்ந்தது. சாதி என்ன, துணை யார் எனக் கேட்டது. இன்று ஆராயும் உரிமை தங்க வருபவருடையது. தேர்வெழுதவும் நேர்காணலுக்கும் மருத்துவத்திற்கும் தனியே பெருநகர் செல்லும் பெண் வாடகையை மட்டும் கேட்டு அமைதல் போதாது. வந்திறங்கும் நிலையத்திற்கும் செல்ல வேண்டிய இடத்திற்கும் இடையே விடுதி அமைந்துள்ளதா, இரவு ஒன்பது மணிக்குப் பின்னும் அத்தெருவில் கடைகளும் குடும்பங்களும் உண்டா, பேருந்து நிறுத்தத்திலிருந்து நடக்கும் வழியில் விளக்கு உண்டா என்பன பகுதியைப் பற்றிய வினாக்கள். உரிமம் உண்டா, காப்பாளர் இரவிலும் உள்ளே தங்குகிறாரா, அறைக்கதவிற்கு உட்புறத் தாழ் உண்டா, உண்ணும் நீரும் உணவும் எங்கிருந்து வருகின்றன என்பன விடுதியைப் பற்றியவை. முதல்நாளைப் பகலில் சென்று சேருமாறு அமைத்துக்கொள்ளின் இவற்றைக் கண்ணாற் கண்டே முடிவு செய்யலாம். மனத்திற்கு ஒவ்வாவிடின் பொழுது சாயுமுன் வேறிடம் நாடலாம். புறஞ்சேரியை விட்டு ஞாயிறு மறையுமுன் புறப்படச் சொன்ன அறிவுரையின் பொருளும் இதுவன்றோ?

பாரிவாக்கம் போன்ற சிற்றூர்களுக்கு இதில் இருவகைப் பொறுப்புண்டு. இங்கிருந்து புறப்படும் மகளிர்க்கு இவ்வினாக்களைக் கற்பித்தல் ஒன்று. தொழில் தேடி இப்புறநகர்க்கு வரும் வெளியூர்ப் பெண்களை, ‘உடன் வந்தவர் யார்’ எனக் கேளாது, மாதரியைப் போல் வரவேற்றல் மற்றொன்று. சிலம்பில் அடைக்கலம் கொடுத்த மாதரி, காத்தற்குரியாளைக் காக்கத் தவறினோம் எனத் தீப்புகுந்தாள். அடைக்கலம் என்னும் சொல்லின் எடையை அத்துணை ஆழமாக உணர்ந்தது தமிழ்மரபு. அவ்வெடையை இனித் தனியொருத்தி சுமத்தல் வேண்டா. ஊரும் அரசும் சட்டமும் கூடிச் சுமத்தல் வேண்டும்.